ஏழு ஆண்டுகளில் உடல் முழுதும் புதிதாகிறதா?

ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் உடலிலுள்ள எல்லாச் செல்களும் மாறிவிடுகின்றன என்னும் செய்தி சமூக ஊடகங்களில் ஓயாமல் சுற்றிவருகிறது. காதல் முறிந்தவருக்கு அது ஆறுதலாக வருகிறது: பொறுத்திருங்கள், அந்த மனிதரின் கை படாத உடலொன்று உங்களுக்குக் கிடைத்துவிடும். புகைப்பதை விட்டவருக்கு நம்பிக்கையாக வருகிறது: ஏழே ஆண்டு, புது நுரையீரல். சத்து மாத்திரை விற்பவருக்கும் தோல் பூச்சு விற்பவருக்கும் அதுவே விளம்பர வாசகம். அறிவியலின் பெயரைச் சொல்லிப் பரவும் கதைகள் பலவற்றுக்கு எந்த அடிப்படையும் இருப்பதில்லை. இதற்கு இருக்கிறது, அதனால்தான் இதை மறுப்பது கடினமாகவும் இருக்கிறது. உடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது உண்மை. அதை ஆய்வாளர்கள் அளந்திருப்பதும் உண்மை. ஏழு முதல் பத்து ஆண்டு என்ற எண் அந்த ஆய்வாளர்களின் வாயிலிருந்தே வந்ததும் உண்மை. ஆனால் அந்த எண் எதைக் குறித்ததோ அதை விட்டுவிட்டு, குறிக்காத ஒன்றைத்தான் செய்தி சொல்கிறது.

உடல் எவ்வளவு காலத்தில் புதிதாகிறது என்று கேட்பதற்கு முன், எதை எண்ணுகிறோம் என்று கேட்க வேண்டும். அணுக்களை எண்ணலாம், அவை சேர்ந்த மூலக்கூறுகளை எண்ணலாம், அவற்றாலான செல்களை எண்ணலாம். மூன்றுக்கும் விடை வேறு. பரவும் செய்தி இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது.

அணுக்களின் கதை முந்தியது. உணவு எரிபொருள், உடல் அதை எரிக்கும் இயந்திரம், வளர்ந்து முடிந்த உடலின் கட்டுமானம் பெரிதாக மாறுவதில்லை என்ற எண்ணமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடலியலில் ஓங்கியிருந்தது. 1935இல் ஜார்ஜ் டி ஹெவெசி கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளுக்குக் கொடுத்து அது எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடினார். எலும்பிலிருக்கும் பாஸ்பரஸ்கூட நிலையாக இல்லை, புதிதாக வரும் பாஸ்பரஸுக்கு இடம்விட்டு வெளியேறிக்கொண்டே இருக்கிறது என்று தெரிந்தது. அதே பத்தாண்டில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமர் கன ஹைட்ரஜனையும் நைட்ரஜன்-15ஐயும் (அதே தனிமத்தின் எடை கூடிய அணுவகைகள், ஐசோடோப்புகள்) அடையாளக் குறிகளாக வைத்து, உண்ட கொழுப்பும் புரதமும் உடனே எரிந்துவிடாமல் திசுக்களுக்குள் சேர்வதையும், அங்கே முன்பிருந்தவை கழிவதையும் காட்டினார். 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஐசோடோப் பிரிவைக் கவனித்துவந்த பால் ஏபர்சோல்ட், இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து, உடலின் அணுக்களில் ஏறத்தாழ 98 சதவீதம் ஓராண்டுக்குள் மாறிவிடுகின்றன என்றார். கேட்கும்போது மலைக்க வைக்கும் இந்த எண்ணில் பெரும்பங்கு தண்ணீருக்குரியது. உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்; குடிப்பதும் வெளியேறுவதுமாக அது சில வாரங்களிலேயே பெருமளவு மாறிவிடுகிறது. அணுக்கள் மாறுவதால் செல் மாறிவிட்டதாகப் பொருளில்லை. மூளையின் நரம்புச் செல் ஒன்று தன் தண்ணீரையும் உப்பையும் புரதங்களையும் மாற்றிக்கொண்டே, அதே செல்லாக எண்பது ஆண்டு வாழும்.

செல்களை எண்ணினால் கணக்கு வேறு திசையில் போகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மிலோவும் ரான் செண்டரும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்த மனித உடலில் நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் மடிந்து அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. உடலில் உள்ள மொத்தச் செல்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி என்பது அதே குழுவினர் 2016இல் சொன்ன கணக்கு. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்று மாதம் வருகிறது. அப்படியானால் ஏழாண்டு எதற்கு, தொண்ணூறு நாளிலேயே புது மனிதராகிவிடலாமே! அந்தத் தலைப்போடும் செய்திகள் வந்தன. ஆனால் நாளொன்றுக்குப் பிறக்கும் அந்தச் செல்களில் 86 சதவீதம் இரத்தச் செல்கள். 12 சதவீதம் குடலின் உட்சுவர்ச் செல்கள். மீதியுள்ள உறுப்புகள் அனைத்துக்கும் சேர்த்து இரண்டே சதவீதம். எடையில் பார்த்தால் இந்த அன்றாடப் பிறப்பு 80 கிராம் அளவுதான். உடலின் செல்களுடைய மொத்த எடை 46 கிலோ அளவில் இருக்கும் என்பதால், எடைக் கணக்கில் அதே மூன்று மாதம் ஒன்றரை ஆண்டாக நீண்டுவிடுகிறது. தசைச் செல்களும் கொழுப்புச் செல்களும் எண்ணிக்கையில் ஒரு சதவீதம்கூட இல்லை, ஆனால் செல்களின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அவைதான். ஒரே உடல், ஒரே தரவு. எண்ணுவதா எடைபோடுவதா என்பதிலேயே விடை ஆறு மடங்கு மாறுகிறது.

ஏழு முதல் பத்து ஆண்டு என்னும் எண் இவற்றிலிருந்து வந்ததல்ல. அது வந்த வழி விந்தையானது, அணுகுண்டுச் சோதனைகளின் வழியே வந்தது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் நிலத்துக்கு மேலே நடத்திய வெடிப்புச் சோதனைகளால் காற்று மண்டலத்தில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறிக்கொண்டே போய், வடகோளத்தில் ஏறத்தாழ இரு மடங்கானது. 1963இல் வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்த அளவு குறையத் தொடங்கியது. கார்பன்-14இன் அரைவாழ்வு, அதாவது இருப்பதில் பாதி கழிய ஆகும் காலம், 5,730 ஆண்டு; எனவே இந்தக் குறைவு கதிரியக்கச் சிதைவால் வந்ததன்று. கடலும் தாவரங்களும் அந்தக் கார்பனை உறிஞ்சிக்கொண்டதால் ஆண்டுக்கு ஆண்டு சீராக இறங்கியது. தாவரங்கள் உறிஞ்சியது உணவு வழியாக எல்லா மனிதர்களின் உடலுக்குள்ளும் போனது. இதன் விளைவு, 1955க்குப் பின் வந்த ஒவ்வோர் ஆண்டும் தனக்கென ஒரு கார்பன்-14 அளவை முத்திரையாகக் கொண்டிருக்கிறது.

ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரீசென் இந்த முத்திரையைச் செல்லின் பிறந்த தேதியாகப் படிக்கலாம் என்று கண்டுகொண்டார். செல்லிலுள்ள பெரும்பாலான மூலக்கூறுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, டிஎன்ஏ அப்படியல்ல. செல் பிரியும்போது டிஎன்ஏவின் புதிய பிரதி உருவாகிறது. அதன் பிறகு அந்தச் செல் மறுபடி பிரியாதவரை, சிறு பழுதுபார்ப்புகள் தவிர, அதிலுள்ள கார்பன் அப்படியே தங்குகிறது. ஆகவே ஒரு திசுவின் டிஎன்ஏவில் கார்பன்-14 எவ்வளவு என்று அளந்தால், அந்தச் செல்கள் எந்த ஆண்டில் பிறந்தவை என்று சொல்லலாம். கேட்க எளிது, செய்வது அப்படியல்ல. பல செல்களைச் சேர்த்தால்தான் அவற்றின் டிஎன்ஏவில் ஒரே ஒரு கார்பன்-14 அணு கிடைக்கும். கோடிக்கணக்கான செல்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் நமக்கு வேண்டிய வகையை மட்டும் சலித்து, டிஎன்ஏவைத் தூய்மையாக்கி, கடைசியில் கையில் வரும் மிகச் சிறிய கார்பன் துணுக்கிலுள்ள கார்பன்-14 அணுக்களை, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் முடுக்கி நிறைமாலைமானி என்னும் கருவியில் எண்ண வேண்டும். இடையில் தூசோ கரைப்பானின் எச்சமோ கலந்துவிட்டால் தேதி பொய்த்துவிடும். கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் ஃப்ரீசெனும் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த புரூஸ் புகோல்ஸும் இன்னும் சிலரும் இந்த முறையை 2005இல் வெளியிட்டார்கள்.

அந்த முதல் கட்டுரையில் வந்த எண்களே ஏழாண்டுக் கதையைக் குலைக்கப் போதுமானவை. முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்தவர்களின் விலாவிடைத் தசைச் செல்களுக்குச் சராசரி வயது சுமார் 15 ஆண்டு. குடலில், நாளும் உதிரும் உட்சுவரை நீக்கிவிட்டுப் பார்த்த பகுதிக்குச் சுமார் 16 ஆண்டு. பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்களுக்கோ, அந்த மனிதருக்கு என்ன வயதோ அதே வயது. அந்த ஆண்டு பத்திரிகையாளர்களிடம் பேசும்போது ஃப்ரீசென், வயது வந்தவரின் எல்லாச் செல்களுக்குமான சராசரி வயது ஏழு முதல் பத்து ஆண்டு அளவில் இருக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தார். எண் பிடித்துக்கொண்டது. சராசரி வயது என்ற சொல் உதிர்ந்தது.

ஏழு என்ற எண் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. பண்டைய கிரேக்கத்தின் சோலோன் மனித வாழ்வை ஏழேழு ஆண்டுகளாகப் பத்துக் கட்டங்களாய் வகுத்தவர். ஐரோப்பிய மருத்துவ மரபில் அந்த வகுப்பு நெடுங்காலம் தங்கியிருந்தது. தயாராக இருந்த பழைய அச்சில் புதிய எண் கச்சிதமாகப் போய் அமர்ந்துகொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடலின் செல்களில் எண்ணிக்கையில் 84 சதவீதம் இரத்தச் சிவப்பணுக்கள். முதிர்ந்த சிவப்பணுவில் டிஎன்ஏ கிடையாது. டிஎன்ஏவைக் கொண்டு தேதி பார்க்கும் கடிகாரத்துக்கு அவை கண்ணிலேயே படுவதில்லை. ஆகவே ‘உடலின் எல்லாச் செல்களும்’ என்று எழுதும்போது அதில் எது அடங்குகிறது, எது அடங்கவில்லை என்பதே தெளிவில்லாமல் போகிறது.

சராசரி வயதுக்கும் மாறிமுடியும் காலத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தப் புரளியின் மையம் என்பதால் அதைச் சற்று விரித்துப் பார்ப்பது தகும். நாற்பது வயதுக்காரர் ஒருவரின் ஏதோ ஓர் உறுப்பில் கால் பங்குச் செல்கள் பிறந்தது முதல் இருப்பவை, மற்ற முக்கால் பங்கு சில வாரங்களுக்கு ஒருமுறை மாறுபவை என்று வைத்துக்கொள்வோம். சராசரி வயது பத்து ஆண்டு என்று வரும். ஆனால் அந்த உறுப்பில் பத்து வயதுச் செல் ஒன்றுகூட இருக்காது. பத்து ஆண்டு காத்திருந்தாலும் அந்தக் கால் பங்கு மாறாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. ஒரு திசுவில் ஆண்டுக்குப் பத்துச் சதவீதம் புதிதாகிறது என்று படித்ததும், அப்படியானால் பத்து ஆண்டில் முழுதும் முடிந்துவிடும் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. செல்கள் வரிசையில் நின்று, மூத்தது முதலில் என்று வெளியேறினால் அது சரி. பெரும்பாலும் நடப்பது வரிசையல்ல, குலுக்கல். நேற்றுப் பிறந்ததும் நீக்கப்படலாம், முப்பதாண்டுப் பழையது மறுபடி தப்பிக்கலாம். அப்படி நடந்தால் ஆண்டுதோறும் எஞ்சியதில் பத்தில் ஒன்றுதான் போகும்: ஏழாண்டு கழித்தும் பழையதில் 48 சதவீதம் இருக்கும், பத்தாண்டு கழித்து 35 சதவீதம், இருபதாண்டு கழித்து 12 சதவீதம். எலும்பு இதற்குத் தக்க சான்று. வளர்ந்தவரின் எலும்புக்கூடு மொத்தத்தில் ஆண்டுக்குப் பத்துச் சதவீதம் அளவில் புதிதாகிறது என்பது பாடநூல்களில் வரும் எண். ஆனால் பஞ்சு போன்ற உள்ளெலும்பு ஆண்டுக்குக் கால் பங்கு வரை மாற, கெட்டியான புறவெலும்பு மூன்று நான்கு சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. தொடையெலும்பின் கொலாஜன் என்னும் இழைப் புரதத்தில் கார்பன்-14ஐ அளந்தவர்கள், வளர்ந்தவர்களின் எலும்பில் பதின்ம வயதில் சேர்ந்த கார்பன் கணிசமாக எஞ்சியிருப்பதைக் கண்டார்கள்.

உண்மையிலேயே விரைந்து மாறும் திசுக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அந்த இழப்பை ஈடுசெய்ய எலும்பு மஜ்ஜை நொடிக்கு இருபது இலட்சத்துக்கு மேல் புதிய சிவப்பணுக்களை அனுப்புகிறது. சிறுகுடலின் உட்சுவர் மூன்று முதல் ஐந்து நாளில் மாறுகிறது. மேல்தோல் மாதக் கணக்கில் உதிர்ந்து புதிதாகிறது. பரவும் செய்திகள் எடுத்துக்காட்டுவது எப்போதும் இவற்றைத்தான். கதைக்கு ஒத்துவராத உறுப்புகள் அந்தப் படங்களில் இடம்பெறுவதில்லை.

கொழுப்புச் செல் நடுவிலிருக்கிறது. 2008இல் ஸ்பால்டிங் குழுவினர், வளர்ந்தவரின் கொழுப்புச் செல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்துச் சதவீதம் மாறுவதையும், மொத்த எண்ணிக்கை மட்டும் அப்படியே இருப்பதையும் காட்டினார்கள். அறுவை சிகிச்சை செய்து பெரிதும் எடை குறைத்தவர்களிடமும் செல்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஒவ்வொரு செல்லும் சுருங்கியிருந்தது, அவ்வளவே. பிறகு அதே செல்களுக்குள் அடைபட்டிருக்கும் கொழுப்பின் வயதை அளந்தபோது அது சராசரியாக 1.6 ஆண்டு என்று தெரியவந்தது. செல்லுக்குப் பத்து ஆண்டு, அதன் உள்ளடக்கத்துக்கு ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். செல்லையும் மூலக்கூறையும் ஏன் தனித்தனியே எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதயம் நீண்டகாலம் விவாதப் பொருளாக இருந்தது. பிறப்புக்குப் பின் இதயத் தசைச் செல்கள் பெருகுவதே இல்லை என்பது பழைய பாடம். மிக வேகமாக மாறுகின்றன என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். 2009இல் ஃப்ரீசென் குழுவைச் சேர்ந்த ஓலாஃப் பெர்க்மன் வெளியிட்ட அளவீடு இரண்டையும் திருத்தியது: 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம், 75 வயதில் அரைச் சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த வேகத்தில் ஐம்பது வயதானவரின் இதயத் தசைச் செல்களில் ஏறத்தாழ 55 சதவீதம் பிறந்தபோதே இருந்தவை. வாழ்நாள் முழுதும் கணக்கிட்டாலும் பாதிகூட மாறி முடிவதில்லை. மாரடைப்பில் இறந்துபோன தசையின் இடத்தில் புதிய தசை வராமல் தழும்பு வருவதற்கும் இதுவே காரணம்.

முற்றிலும் மாறாதவையும் உண்டு. பல்லின் எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறிலிருந்து வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. பிறகு எனாமலைப் புதிதாக்க ஆளில்லை. அதனால் எனாமலின் கார்பன்-14ஐக் கொண்டு அடையாளம் தெரியாத உடலின் பிறந்த ஆண்டை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பிழைக்குள் கணிக்க முடிகிறது. தடயவியலார் அதைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணின் லென்ஸ் இன்னும் சுவையானது. அதன் நடுப்பகுதி தாயின் வயிற்றிலிருக்கும்போதே உருவாகிறது. ஒளி தடையின்றிப் புக வேண்டும் என்பதற்காக அந்தச் செல்கள் தம் உட்கருவையும் புரதம் செய்யும் உறுப்புகளையும் களைந்துவிடுகின்றன. பழுதானால் சரிசெய்ய வழியே இல்லாமல், கிரிஸ்டலின் புரதத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு வாழ்நாள் முழுதும் கிடக்கின்றன. டென்மார்க்கின் நீல்ஸ் லின்னெருப்பும் சக ஆய்வாளர்களும் 2008இல் அந்தப் புரதத்தின் கார்பன்-14ஐ அளந்தபோது அது ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டையே காட்டியது. இங்கே செல் மட்டுமல்ல, மூலக்கூறும் அணுவும்கூட மாறவில்லை. அந்தப் புரதங்கள் ஆண்டுகள் ஏற ஏறச் சிதைந்து ஒன்றோடொன்று திரள்வதே முதுமையில் கண்புரையாகிறது. குதிகால் தசைநாணின் நடுப்பகுதியும் ஏறக்குறைய இப்படித்தான். உயரம் வளர்ந்து முடியும் பதினேழு வயதுவாக்கில் அமைந்ததோடு சரி என்று 2013இல் வெளியான டேனிய ஆய்வு காட்டியது. மூட்டுக் குருத்தெலும்பின் கொலாஜனுக்கு அரைவாழ்வு நூறாண்டுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பெண்ணின் கருமுட்டைகளும் இந்த வரிசையில் சேரும். பெண் கரு ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சூலகங்களில் அறுபது எழுபது இலட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சமாகக் குறைந்திருக்கும். அதன் பிறகும் குறைந்துகொண்டே வரும். நாம் ஒவ்வொருவரும் எந்த முட்டையிலிருந்து வந்தோமோ, அது நம் தாய் அவருடைய தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானது.

எல்லாம் மாறிவிடும் என்று நம்புபவர்களிடம் வழக்கமாக எழும் எதிர்க்கேள்வி ஒன்றுண்டு: குடல், தோல், இரத்தம் மட்டுமாவது அடிக்கடி புதிதாகின்றனவே, அவையும் ஏன் முதுமையடைகின்றன? புதிய செல் வெறுமையிலிருந்து பிறப்பதில்லை என்பதே விடை. அது குருத்துச் செல்லின், அதாவது பிரிந்து பிரிந்து புதிய செல்களைத் தரும் மூலச் செல்லின் பிரதி. மூலம் பழையது, அதில் சேர்ந்த பிழைகளும் பழையவை. 2022இல் பிரிட்டனின் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள், இரத்தத்தை உருவாக்கும் குருத்துச் செல் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரியாக 17 மரபுப் பிறழ்வுகளைச் சேர்த்துக்கொண்டே போவதைக் கணக்கிட்டார்கள். எழுபது வயதுக்காரரின் உடலில் நேற்றுப் பிறந்த வெள்ளையணு ஒரு நாள் வயதுடையதுதான். ஆனால் அது சுமந்து வரும் டிஎன்ஏ எழுபதாண்டுத் தேய்மானத்தோடு வருகிறது. தோலில் இன்னொரு காரணமும் சேர்கிறது. சுருக்கமும் தொய்வும் உதிர்ந்து மாறும் மேல்தோலால் வருபவை அல்ல. அதற்குக் கீழே செல்களுக்கு வெளியே இருக்கும் கொலாஜன், எலாஸ்டின் இழைகளால் வருபவை. தோலின் கொலாஜனுக்கு அரைவாழ்வு சுமார் 15 ஆண்டு. 28 நாளில் புதிய தோல் என்று விற்கப்படும் எதுவும் அந்த ஆழத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பச்சை குத்திய கோலம் ஏன் அழிவதில்லை என்பதும் இங்கே பொருந்தும். தோலுக்குள் செலுத்தப்பட்ட மையை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல்கள் நீண்டநாள் வாழ்வதால்தான் படம் நிலைக்கிறது என்று எண்ணியிருந்தார்கள். 2018இல் பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் பச்சை குத்திய எலிகளின் தோலிலிருந்து அந்தச் செல்களை மட்டும் கொன்றுபார்த்தார்கள். படம் மங்கவே இல்லை. மடிந்த செல் விட்ட மையை, அதன் இடத்துக்கு வந்த புதிய செல் அங்கேயே விழுங்கிக்கொண்டது. செல்கள் அனைத்தும் மாறின, கோலம் மாறவில்லை. நோயெதிர்ப்பு நினைவும் அப்படியே. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் மூலக்கூறு சில வாரங்களே தாங்கும், இருந்தும் 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சாவுக்குத் தப்பிப் பிழைத்தவர்களின் இரத்தத்தை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, அந்த வைரஸை அடையாளம் காணும் செல்கள் அப்போதும் இருந்தன. ஏழாண்டுக் கதை உண்மையாக இருந்து, மாறும் ஒவ்வொரு செல்லும் பழையதை மறந்து பிறக்குமானால், சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளுக்கு என்ன பொருள் இருக்கும்?

புகைப்பதை விட்டவருக்கான வாக்குறுதியில் மட்டும் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் அதன் வழி வேறு. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, புகைப்பதை நிறுத்தியவர்களின் மூச்சுக்குழாய் உட்சுவரில் புகையின் தாக்கம் படாதவை போலத் தோன்றும் செல்கள், தொடர்ந்து புகைப்பவர்களிடம் இருப்பதைவிட நான்கு மடங்கு வரை மிகுந்திருப்பதைக் கண்டது. கெட்டுப்போன செல்கள் குணமாகவில்லை. எப்படியோ பாதிப்புக்குத் தப்பியிருந்த சில செல்கள் பெருகி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 16 பேர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நுரையீரலின் சிதைந்த காற்றறைகள் இப்படித் திரும்பி வருவதில்லை. புகையை விடுவதற்கு வேறு எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கும்போது, ஏழாண்டில் புது நுரையீரல் என்று ஆசைகாட்டுவது தேவையற்றது. எட்டாம் ஆண்டில் மூச்சிரைப்பு தீராதவர் ஏமாந்துதான் போவார்.

மூளையில்தான் கேள்வி இன்னும் முடியவில்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. பெருமூளைப் புறணியில் இருப்பவை பிறப்போடு வந்தவை என்பது 2006இல் மேலும் உறுதிப்பட்டது. நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் மட்டும் வளர்ந்த பிறகும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்புச் செல்கள் சேர்கின்றன என்று 2013இல் ஃப்ரீசென் குழு கார்பன்-14 கொண்டு கணக்கிட்டது. 2018இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு, மூளைத் திசுக்களைச் சாயமேற்றிப் பார்த்து, குழந்தைப் பருவத்துக்குப் பின் அங்கே புதிய செல்களைக் காண முடியவில்லை என்றது. சில வாரங்களுக்குள் நியூயார்க்கிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, எழுபது வயதைத் தாண்டியவர்களிடமும் அவை இருக்கின்றன என்றது. இறந்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் திசு பதப்படுத்தப்பட்டது, எந்தப் புரதத்தை இளம் செல்லின் அடையாளமாகக் கொள்வது என்பவற்றில் இரு தரப்பும் முரண்படுகின்றன.

இத்தகைய வழக்குகளுக்குத் தனியான சாட்சியாக நின்ற கார்பன்-14 கடிகாரமோ மெல்ல ஓய்ந்துவருகிறது. கடலும் தாவரமும் உறிஞ்சியதோடு, நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவதால் வெளிவரும், கார்பன்-14 அறவே இல்லாத பழங்கார்பனும் காற்றில் கலந்து, அதன் விகிதம் இன்று சோதனைகளுக்கு முந்தைய நிலைக்கே வந்துவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு தெளிவாக வேறுபட்ட முத்திரை இனிப் பிறப்பவர்களின் டிஎன்ஏவில் இருக்காது. ஏற்கெனவே திசு வங்கிகளில் உறையவைத்துப் பாதுகாக்கப்படும் மாதிரிகளும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் இறந்த பின் தானமாகக் கிடைக்கும் உறுப்புகளும் இருக்கும்வரைதான் இந்த முறையில் செல்லின் வயதைக் கேட்க முடியும்.